ஆர்டர் போர்ட்ரெய்ட்ல கஸ்டமர் சொல்றதை எதுவரைக்கும் கேக்கறது?

திருப்பூர்ல இருந்து எழுதியிருக்கற தம்பியோட கேள்விய ரெண்டு மூணு தடவை படிச்சேனுங்க. பிரஷ்ஷுக்குப் பதிலா பெயின்ட் கத்தியில திக்கா பெயின்ட் இழுத்துப் போடறதுதான் அவரோட ஸ்டைலு, அதை இன்ஸ்டாகிராம்ல பாத்துட்டுத்தான் ஒரு குடும்பம் இறந்துபோன அப்பாரு, அதாவது தாத்தா படம் ஆர்டர் குடுத்திருக்காங்க, 24க்கு 36 இன்ச், ஆயிலு, பாதிக் காசு அட்வான்ஸா வாங்கியாச்சு. இப்ப முக்கால்வாசி முடிஞ்ச படத்தை பாத்துட்டு "மொகத்தை வழவழன்னு பண்ணுங்க, கொஞ்சம் கலரா போடுங்க, பட்டு ஜிப்பா மாட்டி விடுங்க"ங்கறாங்களாம். மாத்துனா என் ஸ்டைல் போயிரும், மாத்தலைன்னா மீதிக் காசு வராது, என்ன பண்றதுன்னு கேக்கறாரு. ஜிப்பாவும் கலரும் ஒரு சாக்குதானுங்க, உள்ளுக்குள்ள தம்பி கேக்கறது வேற ஒண்ணுன்னு எனக்குப் படுது. காசு வாங்கிட்டு வரையற படத்துல எது என்னுது, எது அவங்களுது? எனக்குத் தெரிஞ்ச அளவுல அதுக்குத்தான் பதில் எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல என் கதையச் சொல்லீர்றேன், அப்பத்தான் நான் சொல்றதுல எதை எடுத்துக்கறது எதை விடறதுன்னு உங்களுக்குத் தெரியும். ஃபைன் ஆர்ட்ஸ் காலேஜ் வாசப்படி மிதிச்சவன் இல்லீங்க நானு. பத்தாவது முடிச்சதும் கோயமுத்தூர்ல ஒரு சினிமா பேனர் ஆர்ட்டிஸ்ட்கிட்ட சேந்தேன், மூணு வருசம் கட்டம் போடறதும் பிரஷ் கழுவறதும்தான் வேலை. ஸ்டில் போட்டோ மேல பென்சில்ல கட்டம், துணி மேல சாக்பீஸ் பொடி தேச்ச நூலை இழுத்து அடிச்சு கட்டம், அப்பறம் ஒவ்வொரு கட்டமா பெருசு பண்ணோணும். இருபதடி மூஞ்சிய பக்கத்துல நின்னு பாத்தா ஒண்ணுமே வெளங்காது, ரோஸும் நீலமும் மஞ்சளுமா அப்பி வெச்சாப்புல இருக்கும், காந்திபுரத்துல பஸ்ல போறவன் ஒரு செகண்ட் பாத்து "அட, அவருதான்"னு சொல்லோணும், அவ்வளவுதான் கணக்கு. அப்பறம் ஃப்ளெக்ஸ் வந்துச்சு, கண்ணு முன்னாலயே பட்டறை காலி. அதுக்கப்பறம் இருபது வருசத்துக்கு மேல ஆயில் போர்ட்ரெய்ட்தான் சோறு போடுதுங்க, கோயமுத்தூரு, ஈரோடு, கோபி, தாராபுரம்னு இந்தச் சுத்துவட்டாரம்தான், அதுல பாதிக்கு மேல இறந்தவங்க படம். கேலரியில படம் வெச்சு வித்த அனுபவம் கெடையாது, டேப்லெட்ல வரையறதும் நான் பண்ணதில்ல, அந்தப் பக்கத்துக் கணக்கு வேறயா இருக்கலாம்.

கஸ்டமர்னா ஒரே ஆளுன்னு நெனைச்சுத்தான் நாம மொதல்ல மாட்டிக்கறோம். பெரும்பாலும் மூணு பேருங்க. காசு குடுக்கறவர் ஒருத்தரு, படத்துல இருக்கறவர் ஒருத்தரு, தெனமும் அந்தப் படத்தை பாத்துட்டு இருக்கப் போறவர் ஒருத்தரு. மகன் பெங்களூர்ல இருந்து ஜிபே பண்ணுவாரு, அப்பா செவுத்துல இருப்பாரு, அம்மா எதுத்தாப்புல கட்டில்ல உக்காந்து பாத்துட்டு இருப்பாங்க, மூணு பேருக்கும் வேணுங்கறது மூணு தினுசு. இது நம்மூர் வம்பு மட்டும் இல்லீங்க. 1954ல சர்ச்சிலோட 80ஆவது பொறந்தநாளுக்கு பிரிட்டிஷ் பார்லிமென்ட் மெம்பருங்க சேந்து காசு போட்டு கிரஹாம் சதர்லேண்டுங்கற ஓவியர்கிட்ட படம் ஆர்டர் குடுத்தாங்க. சர்ச்சிலுக்கு கார்ட்டர் வீரர்ங்கற அரச பட்டத்துக்கான அங்கியில ஜம்முனு இருக்கோணும்னு ஆசை, காசு போட்டவங்களுக்கோ அவரு பார்லிமென்டுக்கு எப்பவும் போட்டுட்டு வர்ற டிரெஸ்லயே இருக்கோணும். சதர்லேண்ட் ரெண்டாவது பேச்சைக் கேட்டாரு, கேட்டுட்டு தன் கண்ணுக்குப் பட்ட கெழவனை, நாற்காலி கைய புடிச்சுட்டு கனத்துப் போய் உக்காந்திருக்கற மாதிரி வரைஞ்சும் வெச்சாரு. சர்ச்சிலுக்கு சுத்தமா ஆகல. ஊட்டுக்குப் போன படம் அப்பறம் வெளிய வரவே இல்ல, அதை எரிச்சாச்சுன்னு பல வருசம் கழிச்சுத்தான் உலகத்துக்குத் தெரிஞ்சுது, அவரு சம்சாரத்தோட சம்மதத்தோடதான் நடந்திருக்குது. அந்தப் படத்துக்காக சதர்லேண்ட் முன்கூட்டியே போட்டுப் பாத்த ஸ்டடிக சிலது மிஞ்சியிருக்குது, பாருங்க, கைய கொறை சொல்லவே முடியாது. தெனமும் பாக்கப் போறவங்க யாருன்னுதான் ஒருத்தரும் யோசிக்கல.

எனக்கு இது மண்டையில ஏறுனது தாராபுரத்துக்கு அக்கட்ட ஒரு தோட்டத்து ஊட்டுலீங்க. பெரியவரு போய் எட்டு மாசம், வருசாந்திரத்துக்குள்ள படம் வேணும்னு மகன் வந்தாரு. இருந்த ஒரே போட்டோ சொசைட்டி பாஸ்புக்குல ஒட்டியிருந்த ஸ்டாம்ப் சைஸ் கருப்பு வெள்ளைதான், அதுலயும் பாதி மூஞ்சி மேல ரவுண்ட் சீலு. நான் அப்ப ரெம்ப்ராண்டுங்கற பழைய டச்சு ஓவியர் மேல பைத்தியம் புடிச்சுத் திரிஞ்ச காலம், எந்த மூஞ்சியா இருந்தாலும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் கும்மிருட்டு. கன்னத்துல குழி, நெத்தியில ஒரே ஒரு பளிச், நல்லா வந்திருக்குன்னு எனக்கே பெருமை. கொண்டுபோய் ஆசாரத்துல சாத்தி வெச்சேன். ஆத்தா எந்திரிச்சு வந்து, முந்தானையில கண்ணாடியத் தொடைச்சுப் போட்டுட்டு, ரொம்ப நேரம் பாத்தாங்க. "நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இது அவங்க அண்ணனாட்ட இருக்குதுங்களே"ன்னாங்க. மகனுக்கு சங்கடமாப் போச்சு, "ஏனுங்காத்தா, ஐயனை உரிச்சு வெச்சாப்புல இருக்குது"ன்னாரு. "நீ ஹாஸ்டல்ல இருந்தவன் கண்ணு, உனக்கென்ன தெரியும்"னுட்டாங்க. எங்க மாறுதுங்காத்தான்னு கேட்டேன், மூக்குன்னாங்க.

மூக்கை போட்டோ வெச்சு அளந்து பாத்தேன், இம்மி பெசகல. அங்கதான் நான் சண்டை போட்டிருக்கோணும், போடல, மோரு குடுத்தாங்க, வாங்கி குடிச்சுட்டு பேச்சு குடுத்துட்டே உக்காந்தேன். பேச்சுல ஒவ்வொண்ணா வந்துச்சு. பொழுது கெளம்புனதுல இருந்து பொழுது உழுகற வரைக்கும் வெயில்லயே கெடந்த மனுசன், ஊட்டுக்குள்ள வந்தாலும் கண்ணை சுருக்கித்தான் பாப்பாராம். போட்டோவுல ஸ்டுடியோக்காரன் லைட்டுக்கு மெரண்டு முழிச்சிருந்தாரு, அந்த முழியத்தான் நான் வரைஞ்சு வெச்சிருந்தேன். இன்னொண்ணு, பளீர்னு வெயில்ல இருக்கற மொகத்தைத்தான் அந்த ஆத்தா நாப்பது அம்பது வருசமா பாத்திருக்காங்க, நான் போட்ட இருட்டு அவருக்கு பத்து வயசு ஏத்திருச்சு. மூக்குன்னு அவங்க சொன்னது மூக்கோட நெழலை, கன்னம் வரைக்கும் நான் இழுத்து விட்டிருந்த நெழலு. தூரிகை டப்பா கையில இருந்துச்சு. இருட்டுப் பக்கத்தை ரெண்டு ஸ்டெப் வெளிச்சமாத் தூக்குனேன், மூக்கு நெழலை பாதியில வெட்டுனேன், மேல் எமைய நூல் அளவு எறக்குனேன். ஒன்னரை மணி நேரம். ஆத்தா ஒண்ணும் சொல்லலீங்க, உள்ள போய் வெளக்கு எடுத்துட்டு வந்தாங்க.

அதுல இருந்து நான் புடிச்சுட்டிருக்கற ஒரு விசயம், இது அனுபவத்துல நிச்சயமாச் சொல்லுவேன்: ஏதோ சரியில்லன்னு அவங்க சொல்றது எப்பவும் நெசம், ஆனா எது சரியில்லன்னு சொல்றது அநேகமாத் தப்பு. மூக்கு பெருசுங்கறாங்களா, நெழலையும் போட்டோவையும் பாருங்க. போனை மூஞ்சிகிட்ட வெச்சு எடுத்த செல்ஃபியப் பாத்து வரைஞ்சா மூக்கு வீங்கித்தான் வரும், ஒரு அடி தூரத்துல எடுத்தா மூக்கு கிட்டத்தட்ட 30 சதவீதம் அகலமாத் தெரியும்னு 2018ல மூக்கு ஆபரேஷன் டாக்டருங்களே கணக்குப் போட்டு எழுதியிருக்காங்க, அஞ்சடி தள்ளி எடுத்தா அந்தத் தொல்லை இல்ல. வயசா தெரியுதுங்கறாங்களா, சுருக்கத்தை அழிக்காதீங்க, வாயோட ரெண்டு கோடியையும் கழுத்து நெழலையும் பாருங்க. கலரா போடுங்கங்கறது பாதி நேரம் கலர் பத்துன பேச்சே இல்ல, படம் மங்கலா இருக்குதுங்கறதை அவங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தையில சொல்றாங்க. நம்ம தோலுக்கு கருப்பு டியூபை கலக்கி கலக்கி போட்டா சாம்பல் பூசுன மாதிரி செத்துப் போயிருமுங்க. பர்ன்ட் சியன்னா, எல்லோ ஆக்கர், அதுல அல்ட்ரா மரைன் கொஞ்சம், இதுலயே எப்பேர்ப்பட்ட மாநிறமும் வரும், வானத்து வெளிச்சம் படற நெத்தி எடுப்புல லேசா நீலம் இருக்கும், காது மடல்ல செவப்பு இருக்கும். பேக்கிரவுண்டை இன்னும் ஒரு ஸ்டெப் இருட்டாக்கி கொஞ்சம் பச்சைச் சாம்பல் கலந்து பாருங்க, மொகத்தைத் தொடாமயே மொகம் வெளிச்சமாயிரும். இப்படிப் பண்ணிக் காட்டி "இப்ப சரிங்களா"ன்னு கேட்டா பத்துல எட்டுப் பேரு சரின்னுருவாங்க.

மீதி ரெண்டு பேரு நெசமாலுமே தோல் நிறத்தை மாத்தச் சொல்றவங்க. இதுல என் மனசு இன்னும் ஒரு பக்கம் நிக்கலீங்க. கறுத்த மனுசனை செவப்பா வரையச் சொன்னா அது அவரு படமே இல்லைங்கறது என் கட்சி, ரெண்டு ஆர்டரை விட்டிருக்கேன். ஆனா ஒரு பொம்பளப் புள்ள வந்து, எங்கம்மாவ உசுரோட இருந்த வரைக்கும் கருப்பின்னே எல்லாரும் கூப்புட்டாங்க, படத்துலயாவது அவங்க ஆசைப்பட்ட மாதிரி இருக்கட்டுமுங்கன்னு கண்ணு கலங்குனப்ப நான் ஒரு ஸ்டெப் தூக்கித்தான் குடுத்தேன். சரியா தப்பான்னு இப்பவும் முடிவு பண்ண முடியல.

சரி, ஸ்டைலுக்கு வர்றேன். தம்பி, கோவிச்சுக்காதீங்க, கத்தி உங்க ஸ்டைல் இல்ல, கத்தி ஒரு சாமான். எது மேல உங்க கண்ணு போகுது, எந்த ஓரத்தை கூர்மையா விடறீங்க, எதை கரைச்சு விடறீங்க, எந்த நெறத்தை எது பக்கத்துல வெக்கறீங்க, இதெல்லாம் பிரஷ்ஷா இருந்தாலும் கத்தியா இருந்தாலும் கூடவே வந்துரும், நிறுத்தச் சொன்னாலும் உங்களால நிறுத்த முடியாது. நான் பேனர் வேலைய விட்டு எத்தனையோ வருசமாச்சு, இன்னைக்கும் என் படத்துல தாடைக்குக் கீழ ஒரு நீலம் வந்து உக்காந்துக்கும். ரவி வர்மாவையே எடுத்துக்கங்க, 1848ல பொறந்து 1906ல போனவரு, ஆயுசுல பாதி ராஜா ஊட்டு ஆர்டர்தான், யாரு நிக்கோணும் என்ன நகை போடோணும்னு அரண்மனைதான் சொல்லியிருக்கும், ஆனா பட்டுச் சேலை மடிப்புல ஜரிகை திரும்பற எடத்தைப் பாருங்க, கையெழுத்து இல்லாமயே ஆளு தெரிஞ்சுரும். அதனால நான் இப்படிப் பிரிச்சுக்கறேன்: ஆளு, வயசு, துணி, நகை, கண்ணாடி, படத்தோட சைஸ் இதெல்லாம் அவங்க பாடு. வெளிச்சம் எங்கிருந்து வருது, பேக்கிரவுண்ட் என்ன, பெயின்ட் எப்படி உக்காருது இதெல்லாம் என் பாடு. மொகபாவம் மட்டும் ரெண்டு பேருக்கும் பொது, அதுக்குத்தான் மோர் குடிச்சுட்டு பேசோணும். இதுக்கு ரூல் ஒண்ணும் கெடையாது, என் பழக்கம், உங்களுக்கு வேற எடத்துல கோடு விழலாம்.

எல்லாத்துக்கும் தலையாட்டுனா என்ன ஆகும்னும் சொல்லீர்றேன். ஒரு கம்பெனிக்கு நிறுவனர் படம், மூணடிக்கு நாலடி, வரவேற்பறையில மாட்டறதுக்கு. பார்ட்னருங்க நாலு பேரு, நாலு பேரும் நாலு நாள்ல வந்து நாலு சொன்னாங்க. கோட்டு போடுங்கன்னாங்க, மனுசன் ஆயுசுல கோட்டு போட்டதில்ல, நெட்ல கெடைச்ச எவனோ ஒருத்தன் கோட்டுல தலைய வெச்சேன், தலைக்கு வலப்பக்கம் வெளிச்சம், கோட்டுக்கு இடப்பக்கம் வெளிச்சம். அப்பறம் மோதிரம், அப்பறம் மோதிரம் வேண்டாம், அப்பறம் சிரிக்கட்டும். ஒம்போது தடவை திருத்துனேன், நாள் நெருக்குதேன்னு கீழ காயாத பெயின்ட் மேலயே டர்பன்டைன் ஊத்தித் தண்ணியாக்கி அடுத்த கோட் அடிச்சேன். ஆயில் பெயின்ட் தண்ணி காயற மாதிரி ஆவியாகிக் காயறதில்லீங்க, காத்துல இருக்கற ஆக்சிஜனைப் புடிச்சு மெல்ல மெல்ல இறுகுது, அதனாலதான் கீழ எண்ணெய் கம்மி, மேல எண்ணெய் ஜாஸ்தின்னு போகோணும்ங்கறது. நான் தலைகீழாப் பண்ணேன். மேல்தோல் சீக்கிரம் காஞ்சு, அடியில இருந்தது மெதுவா அசைஞ்சு, ரெண்டு வருசத்துல கன்னத்துல வெடிப்பு, வெயில் காலத்துக் கொளம் மாதிரி. என் காசுல புதுசா வரைஞ்சு குடுத்தேன், இந்தத் தடவை அவரு எப்பவும் போடற வெள்ளைச் சட்டையில, யாருமே கோட்டு எங்கன்னு கேக்கலீங்க, அதுதான் இன்னும் கடுப்பு.

அதுக்கப்பறம் முறை வெச்சுக்கிட்டேன். பென்சில் டிராயிங் முடிஞ்சதும் ஒரு தடவை, ஒரே பழுப்புல மொதல் கோட் போட்டதும் ஒரு தடவை, இந்த ரெண்டு எடத்துல என்ன வேணாலும் சொல்லலாம், காசு கெடையாது, கலர் ஏறுனதுக்கப்பறம் சொன்னா தனிக் காசு. சொல்ற உரிமை ஒரே ஆளுக்குத்தான், அந்த ஒரு ஆளு தெனமும் படத்தை பாக்கறவங்களா இருந்தா நல்லதுன்னு மொதல்லயே சொல்லீருவேன். இதெல்லாம் வாட்ஸ்அப்ல டைப் பண்ணி அனுப்பிச்சு "சரி"ன்னு பதில் வந்தப்பறம்தான் கேன்வாஸ் ஆணி அடிக்கறது. அதுலயே இன்னொரு வரியும் சேத்துக்குங்க. நம்ம நாட்டு காப்பிரைட் சட்டம், 1957ல வந்தது, அதுல 17ஆவது பிரிவுப்படி ஒருத்தர் காசு குடுத்து வரையச் சொன்ன போர்ட்ரெய்ட்டுக்கு, வேற மாதிரி பேசி வெக்கலைன்னா, காப்பிரைட் மொதல்ல போறது காசு குடுத்தவருக்குத்தான், வரைஞ்ச நமக்கில்ல. நம்ம பேஜ்ல போட்டுக்கறதுக்கு, பிரின்ட் எடுக்கறதுக்கு அனுமதி வேணும்னா முன்னாடியே எழுதி வாங்கீரோணும். இதை வரைஞ்சது நான்தான்னு சொல்லிக்கற உரிமை 57ஆவது பிரிவுல தனியா நம்மகிட்டயே இருக்குது. நான் வக்கீல் இல்லீங்க, பெரிய ஆர்டரா இருந்தா ஒருத்தரை வெச்சுப் பாத்துக்குங்க.

இப்ப உங்க கையில இருக்கற படம். வழவழன்னு ஆக்கறதுக்கு திக்கா போட்ட கத்தி வேலை மேல பெயின்ட் பூசி மூடாதீங்க, மேல தோல் கட்டியிருந்தாலும் உள்ள வாரக்கணக்குல ஈரம் இருக்கும், நான் சொன்ன கொளம் வெடிப்பு அங்கயும் வரும். இன்னும் இளகியிருந்தா கண்ணு, மூக்கு, வாய் இந்த மூணு எடத்துல மட்டும் கத்தியாலயே சுரண்டி எடுத்துட்டு பிரஷ்ல போடுங்க, துண்டு, சட்டை, தலைமுடி, பேக்கிரவுண்டு எல்லாம் கத்தியாவே கெடக்கட்டும். மொகம் அமைதியா, சுத்தியும் மொரடா, சொல்லப்போனா உங்க படத்துக்கு அதுவே இன்னும் எடுப்பா இருக்கும்னு நெனைக்கறேன், படத்தை நான் பாக்கல, அதனால நெனைக்கறேன்னுதான் சொல்ல முடியும். கலருக்கு மேல சொன்ன பேக்கிரவுண்ட் வித்தை. ஜிப்பாவுக்கு, அவரு ஒரு நோம்பிக்காவது ஜிப்பா போட்டிருக்காரான்னு கேளுங்க, போட்டிருந்தா அந்த ஜிப்பாவயே வாங்கிட்டு வந்து ஜன்னலோரம் ஒரு ஆளுக்கு மாட்டி உக்கார வெச்சு வரையுங்க, போட்டதே இல்லைன்னா அந்த ஊட்டு அப்பத்தா இருந்தா அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, பெரும்பாலும் ஜிப்பா அங்கயே கழண்டுரும். போறப்ப படத்தை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க, கலர் டப்பாவும் எடுத்துட்டுப் போங்க.

ஒண்ணு விட்டுட்டேன். மாலை போடற படம்னா, ஆயிலுக்கு கண்ணாடி வேண்டாம்னு புஸ்தகத்துல இருந்தாலும், நல்லா காயவிட்டு, நடுவுல கால் இன்ச் எடைவெளி விட்டு கண்ணாடி போட்டே ஃப்ரேம் பண்ணிக் குடுத்துருங்க. அந்த தாராபுரத்துப் படத்துக்கு நான் போடல. போன வருசம் ஒரு ஆர்டருக்கு அந்தப் பக்கம் போனப்ப எட்டிப் பாத்தேன். ஆத்தா இன்னும் இருக்காங்க. நான் ரெண்டு நாள் மெனக்கெட்டு வெச்ச நெத்தி வெளிச்சம் இருக்குதுங்களே, சரியா அது மேலயே சந்தனப் பொட்டு வெச்சு வெச்சு, எடம் ஒரு ரூவாக்காசு அளவுக்கு மேடு கட்டிக் கெடக்குது.